கழுத்துக்குச் செயற்கை டிஸ்க் போடலாமா? அண்ணனின் இடுப்புக்கும் அதுவே சரியா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். எதையாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு வயது 43. கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை நாலு மாதமாக வலி. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது மணிக்கட்டை மேலே தூக்குவதில் பலமும் குறைகிறது. டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்புகளைச் சேர்த்துவிடலாம், அல்லது செயற்கை டிஸ்க் வைக்கலாம், இரண்டுமே உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொல்கிறார். உங்கள் அண்ணனுக்கு 56 வயது. பத்து வருடமாக இடுப்பு வலி, ஸ்கேனில் இரண்டு ஜவ்வு, அதாவது டிஸ்க், தேய்ந்திருக்கிறது, அவருக்கும் இதையே செய்துவிட முடியாதா என்கிறீர்கள். அப்புறம், இது எத்தனை வருடம் உழைக்கும் என்பது கடைசிக் கேள்வி.

நான் அறுவை செய்பவன் இல்லை. முதுகெலும்பு அறுவை முடிந்து வருகிறவர்களை மறுபடியும் நடக்கவும் வேலைக்குப் போகவும் பழக்குகிற பிசியோதெரபிஸ்ட். அறுவைக்குப் பிறகு வரும் மாதங்களில்தான் நான் மனிதர்களைப் பார்க்கிறேன். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: உங்களுக்கு இது நல்ல தேர்வாக அமைய வாய்ப்பு அதிகம். அண்ணனுக்கு அவசரப்படாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் ஒரே சிகிச்சை இல்லை. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

நம் முதுகெலும்பில் 23 டிஸ்க்குகள் உண்டு. வெளியே நார்களாலான வளையம், அடுக்கடுக்காகச் சுற்றியது. உள்ளே நீர்ச்சத்து நிறைந்த கூழ். வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழும் இருக்கும் எலும்புத் தகடு வழியாக ஊறி வருகிற சத்தில்தான் அது பிழைக்கிறது. அதனால் ஒருமுறை கிழிந்தால் தோலைப் போலவோ எலும்பைப் போலவோ ஆறுவதில்லை. வயது ஏற ஏற நீர் வற்றும், உயரம் குறையும், வளையம் பிதுங்கும். இது நரை விழுவது போல எல்லோருக்கும் வருவது. 2015-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, வலி எதுவும் இல்லாதவர்களின் ஸ்கேன்களை வைத்துச் செய்யப்பட்டது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். அவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மனதில் வையுங்கள். அண்ணன் விஷயத்தில் இந்த எண் மறுபடி வரும்.

டிஸ்க் இரண்டு விதமாகத் துன்பம் தரும். ஒன்று, பிதுங்கிப் போய் நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்துவது. அப்போது வலி கழுத்தில் இருப்பதைவிடக் கையில் அதிகம் இருக்கும், இடுப்பில் இருப்பதைவிடக் காலில் அதிகம் இருக்கும். எந்த நரம்பு அழுந்துகிறது என்பதைக் கை, காலின் எந்தப் பகுதி மரத்துப் போகிறது என்பதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். உங்களுக்குக் கட்டைவிரலும் மணிக்கட்டும். அது ஆறாவது கழுத்து நரம்பின் பாதை. ஸ்கேனில் தெரியும் இடமும் அதுவே. இரண்டும் பொருந்துவதுதான் உங்கள் பக்கம் இருக்கும் மிகப் பெரிய சாதகம். இரண்டாவது விதம், நரம்பு எதுவும் அழுந்தாமல் தேய்ந்த டிஸ்க்கே வலிப்பது. இதை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்றுவரை நல்ல சோதனை கிடையாது. ஏனென்றால் அதே இடத்தில் பின்பக்கச் சிறு மூட்டுகள் வலிக்கலாம், தசை வலிக்கலாம், இடுப்பு எலும்பு மூட்டு வலிக்கலாம்.

சரி, உங்கள் அறுவையில் என்ன நடக்கும்? கழுத்தின் முன்பக்கம், தோல் மடிப்பிலேயே ஒரு சிறு கீறல். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கி, நேராக முதுகெலும்பின் முன்முகத்துக்குப் போவார்கள். 1950களில் ஸ்மித், ராபின்சன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் காட்டிய வழி அது. பிறகு நுண்ணோக்கியின் உதவியோடு டிஸ்க் முழுவதையும் எடுத்து, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளைச் செதுக்கி, நரம்பு தளர்வாகக் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இதுவரை இரண்டு அறுவையும் ஒன்றே. உங்கள் கைவலியைத் தீர்ப்பது இந்தப் பகுதிதான். செயற்கை டிஸ்க்கும் சரி, எலும்பு இணைப்பும் சரி, டிஸ்க் எடுத்த பின் உண்டாகும் காலியிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்விக்கான இரண்டு பதில்கள். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கைவலி குறைய ஏறக்குறைய ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது.

பின் ஏன் செயற்கை டிஸ்க்? எலும்புகளைச் சேர்த்துவிட்டால் அந்த இடம் அசையாது. அசைய வேண்டிய சுமை மேலும் கீழும் இருக்கும் டிஸ்க்குகளுக்குப் போகிறது. 1999-இல் ஹிலிபிராண்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இணைப்பு செய்துகொண்டவர்களில் வருடத்துக்குச் சுமார் 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து மட்டத்தில், அதாவது அடுத்த டிஸ்க் இருக்கும் இடத்தில், புதிதாகத் தொந்தரவு வந்தது. பத்து வருடத்தில் ஏறக்குறைய கால்வாசிப் பேர். இணைப்பினால் வந்ததா, அந்த டிஸ்க்குகள் எப்படியும் தேய்ந்திருக்குமா என்று நிபுணர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த ஆய்விலேயே, ஒரே ஒரு மட்டம் இணைத்தவர்களைவிடப் பல மட்டம் இணைத்தவர்களுக்குத்தான் தொந்தரவு குறைவாக வந்தது. அசைவு நின்றதுதான் ஒரே காரணம் என்றால் நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். ஆகவே அசைவைக் காப்பாற்றினால் பக்கத்து டிஸ்க் பிழைக்கும் என்பது நியாயமான நம்பிக்கை, உத்தரவாதம் இல்லை.

இந்த நம்பிக்கையின் வரலாறு நீண்டது. 1960களில் சுவீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்டிராம், டிஸ்க் எடுத்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகு உருண்டையை வைத்துப் பார்த்தார். உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்குள் புதைந்துபோனது. சிறிய பரப்பில் பெரிய பாரம், வேறென்ன ஆகும். அடுத்த பெரிய முயற்சி அன்றைய கிழக்கு பெர்லினின் ஷாரிடே மருத்துவமனையில் நடந்தது. கூர்ட் ஷெல்நாக், கரின் பூட்னர்-யான்ஸ் இருவரும் வடிவமைத்த டிஸ்க் 1984-இல் முதல்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவில் பாலிஎத்திலீன் என்ற வழுக்கும் பிளாஸ்டிக். இந்தக் கரின் யான்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றவர். முதுகெலும்பு எவ்வளவு வளையும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்த ஒருவர், அசைவைக் காப்பாற்றும் கருவியைச் செய்ய உட்கார்ந்தார் என்பது எனக்கு எப்போதும் மனதுக்கு நெருக்கமான செய்தி. கழுத்துக்கென்று ஒன்றை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கம்மின்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கி, 20 நோயாளிகளின் அனுபவத்தை 1998-இல் வெளியிட்டார். அதன் வழித்தோன்றலான பிரஸ்டீஜ் என்ற டிஸ்க்குக்கு 2007-இல் எஃப்.டி.ஏ.வின் (மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு) அனுமதி கிடைத்தது. இரண்டு மட்டங்களில் வைக்க 2013-இல் மோபி-சி என்ற இன்னொரு டிஸ்க் அனுமதி பெற்றது.

முடிவுகளைப் பற்றி நேராகச் சொல்கிறேன். எஃப்.டி.ஏ. அனுமதிக்காக நடந்த கழுத்து ஆய்வுகளில் நோயாளிகளை ஏழு முதல் பத்து வருடம் வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். வலி, அன்றாட வேலைத் திறன் இரண்டிலும் செயற்கை டிஸ்க் இணைப்புக்குக் குறைந்ததாக இல்லை. மறு அறுவை தேவைப்பட்டவர்கள் டிஸ்க் பக்கம் குறைவு. இது நல்ல சேதிதான். ஆனால் அந்த ஆய்வுகளுக்குப் பணம் போட்டவர்கள் கருவியைத் தயாரித்தவர்கள். தனக்கு எது வைக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரிந்துவிடும். மறு அறுவை செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கும் தெரியும். நார்வேயில் 136 பேரிடம் நடந்த ஆய்வில் எது வைக்கப்பட்டது என்பதை நோயாளிகளிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நான் எடுத்துக்கொள்வது இது: முதல் சில வருடங்களில் நீங்கள் எந்த வித்தியாசத்தையும் உணரமாட்டீர்கள். லாபம் ஏதாவது இருந்தால் அது பிற்காலத்தில் இன்னொரு அறுவையைத் தவிர்ப்பதில் இருக்கும். 43 வயதில் உங்களுக்கு முன்னால் நிறைய வருடங்கள் இருக்கின்றன. அதனால்தான் உங்களுக்கு இது பொருத்தம் என்று சொன்னேன். இதையே 70 வயதுக்காரர் கேட்டிருந்தால் இணைப்பே போதும் என்றிருப்பேன்.

ஆனால் தகுதி என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லாது. கழுத்தை முன்னும் பின்னும் மடக்கி எடுக்கும் எக்ஸ்ரே உங்களுக்கு எடுத்தார்களா? அந்த மட்டம் இன்னும் அசைகிறதா, அளவுக்கு மீறி வழுக்குகிறதா என்று அதில்தான் தெரியும். ஏற்கெனவே சப்பையாகிப் போய் அசையாத மட்டத்தில் செயற்கை டிஸ்க் வைத்து அசைவைத் திரும்பக் கொண்டுவர முயல்வது வீண். பின்பக்கச் சிறு மூட்டுகள் மோசமாகத் தேய்ந்திருந்தால், அசைவைக் காப்பாற்றுவது வலியையும் காப்பாற்றுவதாகிவிடும். எலும்பு மெலிந்திருந்தால் தகடு புதைந்துபோகும், ஃபெர்ன்ஸ்டிராமின் உருண்டை போல. ஸ்டீராய்டு நீண்ட காலம் எடுத்தவர்கள், மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்கள் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். உலோக ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கவரிங் நகை போட்டால் தோல் சிவந்து அரிக்கிற பழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். பல டிஸ்க்குகள் கோபால்ட்-குரோமியத்தால் ஆனவை. டைட்டானியமும் உண்டு. இன்னொரு விஷயமும் கேட்டு வையுங்கள்: வைக்கப்போகும் டிஸ்க் பின்னாளில் எம்.ஆர்.ஐ. படத்தை எவ்வளவு மறைக்கும்? கோபால்ட்-குரோமியம் சுற்றியுள்ள இடத்தை அதிகம் மங்கலாக்கும். பக்கத்து டிஸ்க்குக்குப் பத்து வருடம் கழித்து ஏதாவது வந்தால் அந்தப் படம் தேவைப்படும்.

ஆபத்துகளில் அடிக்கடி பார்ப்பது விழுங்குவதில் சிரமம். சில நாள், சில வாரம் இருக்கும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். குரல் கரகரப்பு சிலருக்கு வரும், குரல்வளைக்குப் போகும் நரம்பு அருகிலேயே ஓடுவதால். அபூர்வமானது, ஆனால் காத்திருக்கக் கூடாதது, முதல் நாள் இரவில் காயத்துக்குள் ரத்தம் தேங்கி மூச்சு திணறுவது. கழுத்து வீங்குகிறது, படுக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். பிற்பாடு வருவது டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்வது. சிலருக்கு அது முழுவதும் மூடி, அசைவே நின்றுவிடும். வலி திரும்பாமலே கடைசியில் அவருக்கும் இணைப்புதான் நடந்திருக்கும். இதைத் தடுக்கச் சில மருத்துவர்கள் முதல் இரண்டு வாரம் வீக்கம் குறைக்கும் மாத்திரை தருகிறார்கள்.

எத்தனை வருடம் உழைக்கும் என்றீர்கள். ஆய்வகத்தில் ஒரு கோடி தடவை அசைத்துப் பார்த்துத்தான் இந்தக் கருவிகளை அனுமதிக்கிறார்கள். மனித உடம்பில் நன்றாகத் தெரிந்த காலம் கழுத்துக்கு ஏறக்குறைய பத்து வருடம், பெரும்பாலானவர்களுக்கு அதுவரை பிரச்சினை இல்லை. சில வடிவங்களில், தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் துகளால் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு, டிஸ்க்கையே எடுக்க வேண்டி வந்திருக்கிறது. வலி வருவதற்கு முன்பே எக்ஸ்ரேயில் அது தெரியும். அதனால் நன்றாக இருக்கிறேன் என்று பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். என்னிடம் வருபவர்களில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். உங்கள் டிஸ்க்கின் பெயர், அளவு, வைத்த தேதி எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, ‘எந்தக் கம்பெனி நல்லது’ என்பதைவிட, ‘இந்த டிஸ்க்கை நீங்கள் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், ஐந்து வருடம் கழித்து அவர்களைப் பார்த்திருக்கிறீர்களா’ என்பதே. புதிய வடிவத்தைவிடப் பழகிய வடிவம் மேல் என்பது என் எண்ணம்.

அறுவைக்குப் பின் அநேகமாக மறுநாளே வீடு. கழுத்துப் பட்டை பெரும்பாலும் தேவைப்படாது. எலும்பு சேரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் மெதுவாக அசைக்க ஆரம்பித்துவிடலாம். கனமான பொருள் தூக்குவதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆறு வாரம், தள்ளிப்போடுங்கள். முதலில் போவது கைவலி, சிலருக்கு மயக்கம் தெளிந்ததுமே. பிறகு மாதக்கணக்கில் பலம் ஏறும். மரத்துப்போன விரல் நுனி கடைசியாகத்தான் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருந்துவிடும். நரம்பு எவ்வளவு நாள் அழுந்தியிருந்தது என்பதைப் பொறுத்தது அது.

நான் கவனித்துக்கொண்ட ஒரு அம்மாவை இங்கே சொல்ல வேண்டும். கைவலி முழுவதும் போய்விட்டது, ஆனால் அறுவை தோற்றுவிட்டதாக அழுதார். கழுத்து இறுக்கம் அப்படியே இருந்தது. கழுத்து இறுக்கமும் போய்விடும் என்று அவர் நினைத்திருந்தார், போகாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனவே இப்போதே சொல்கிறேன்: இந்த அறுவையை நம்பிக் கேட்க வேண்டியது கைக்கு. கழுத்துக்குக் கிடைப்பதைக் கூடுதல் நன்மையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணன். அவருக்கு வலி இடுப்பில் மட்டுமா, காலில் இறங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முழங்காலுக்குக் கீழே வரை இறங்குகிறது என்றால் அது நரம்பு விஷயம். அதற்குப் பின்பக்கம் சிறு கீறலில் பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தால் போதுமானதாக இருக்கும், உள்ளே எதுவும் வைக்கத் தேவையில்லை. இடுப்பில் மட்டும் என்றால், நான் முன்னே சொன்ன இரண்டாவது விதம். 37 சதவீதமும் 96 சதவீதமும் இங்கேதான் வேண்டும். 56 வயதில் இரண்டு டிஸ்க் தேய்ந்திருப்பது, அந்த இரண்டும்தான் வலிக்கின்றன என்பதற்குச் சாட்சி ஆகாது.

இடுப்புக்குச் செயற்கை டிஸ்க் வைக்கும் வழியும் வேறு. வயிற்றின் முன்பக்கமாகப் போக வேண்டும். உடம்பின் மிகப் பெரிய ரத்தக் குழாய்கள் அந்த எலும்புகளின் மேல் படிந்து, சரியாக அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட முடியும். அதனால் பல இடங்களில் ரத்தக் குழாய் அறுவை நிபுணர் உடன் நிற்பார். ஆண்களுக்கு அங்கே ஓடும் மெல்லிய நரம்புகள் பாதிக்கப்பட்டால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகலாம். வைத்த டிஸ்க் நகர்ந்தால் மறுபடி அதே வழியாகப் போக வேண்டும். அப்போது அந்தக் குழாய்கள் தழும்பில் ஒட்டிப்போயிருக்கும். கழுத்தில் மறு அறுவை தொந்தரவு, இடுப்பில் மறு அறுவை உயிருக்கே ஆபத்தாகலாம்.

பலன் எவ்வளவு? நார்வேயில் 173 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இடுப்பில் செயற்கை டிஸ்க், மீதிப் பேருக்குச் சில வாரம் தீவிரமான மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. இரு தரப்பும் முன்னேறினார்கள். அறுவை செய்துகொண்டவர்கள், அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்தை அளக்கும் நூறு மதிப்பெண் அளவுகோலில் 8.4 புள்ளி அதிகம் முன்னேறினார்கள். நோயாளி தன் வாழ்வில் உணரும் அளவு வேறுபாடு என்று ஆய்வாளர்களே முன்கூட்டி வைத்திருந்த அளவை அது எட்டவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 25 முதல் 55 வயதுக்காரர்கள். அமெரிக்காவில் இடுப்பு டிஸ்க்குக்கு 2004-இல் முதல் அனுமதி கிடைத்தது. ஆனால் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இதற்குப் பணம் தருவதில்லை என்று 2007-இல் முடிவெடுத்தது. பின்பக்கச் சிறு மூட்டுகள் தேயாத, ஒரே ஒரு மட்டம் மட்டும் கெட்டுப்போன, நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு, எல்லாம் செய்து பார்த்தபின் இது உதவலாம். உங்கள் அண்ணன் அந்தப் படத்தில் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

பத்து வருட வலிக்கு அவர் இதுவரை என்ன பயிற்சி செய்தார் என்று கேளுங்கள். சூடு ஒத்தடமும் மின்சார மசாஜும் பத்து நாள் எடுத்ததைப் பயிற்சி என்று நான் சொல்லமாட்டேன். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மாதம், சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் பயிற்சி. வலித்தாலும் நடக்கட்டும். தேய்ந்த டிஸ்க் நடப்பதால் கெட்டுப்போகாது. சிறுநீர் அடக்க முடியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால்கள் திடீரென்று துவள்வது இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. வலி பல சமயம் தானாகவே குறையும், அதற்காகக் காத்திருப்பதில் தவறில்லை. மணிக்கட்டின் பலம் போவது அப்படி இல்லை. உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்குங்கள். வீட்டில் யாரையாவது புறங்கையை அழுத்தச் சொல்லுங்கள். இடது கையோடு ஒப்பிட்டு இந்த வாரமும் அடுத்த வாரமும் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் டிஸ்க்கா இணைப்பா என்று யோசித்து இன்னொரு மாதம் கடத்தாமல் அறுவைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். நடை தள்ளாடுவது, சட்டைப் பொத்தான் போட விரல் வராதது போன்றவை தெரிந்தால் தண்டுவடமே அழுந்துகிறது என்று அர்த்தம், அதற்கு ஒரு வாரமும் காத்திருக்க வேண்டாம்.